யாரும் துவைக்காத துணி

எங்கள் கடையில் விற்ற துணியை வாங்கிப் போனவர்கள் யாரும் துவைத்ததில்லை. துவைக்கிற அளவுக்கு அது வெளியில் இருந்ததில்லை. செங்கல்பட்டில் பள்ளிவாசல் தெரு கடைத்தெருவோடு சேருகிற மூலையில் இருந்த அந்தச் சிறிய கடையில் அத்தா விற்றது பெரும்பாலும் கபன் துணி. மய்யத்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டி முடித்ததும் சுற்றுகிற வெள்ளைத் துணி. ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து. அதில் தையல் கூடாது, ஓரம் மடிக்கக் கூடாது. அத்தா ஓரத்தில் கத்தரியால் சிறிதாக வெட்டி, இரண்டு கையாலும் பிடித்துக் கிழிப்பார். காலையில் கிழித்த துணி சாயங்காலத்துக்குள் மண்ணுக்குள் போய்விடும்.

இப்போது நான் மதராஸில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தொழிலின் சொற்களை விளக்கிச் சொல்வது என் பொறுப்புகளில் ஒன்று. வருடாவருடம் அதே சொற்கள், அதே வரிசை. நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டு ஓரத்திலும் பிரியாமல் இறுகி நிற்பது கரை. கரைக்கும் கரைக்கும் நடுவிலுள்ள அகலம் பன்னா. தறியிலிருந்து இறங்கி, வெளுப்பு காணாமல் பழுப்பாக இருப்பது கோரா. பாவு நூல் தறியில் அறுந்துவிடாமல் இருக்க ஏற்றுவது கஞ்சி. இதுவரைக்கும் வரும்போது கேட்கிறவர்களுக்கும் எனக்கும் சேர்ந்தே கொட்டாவி வந்துவிடும். அடுத்த சொல் சுருக்கம். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கொட்டாவி வருவதில்லை.

கடையில் வேறு துணி இல்லாமல் இல்லை. சட்டைக்குப் பாப்ளின் இருந்தது, ரவிக்கைத் துணி இருந்தது. ஆனால் பெருநாளுக்குத் துணி எடுக்க எங்கள் கடைப் படி ஏறுகிறவர்கள் குறைவு. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு எடுக்கிற துணியை அந்தக் கையால் ஏன் அளக்கச் சொல்ல வேண்டும் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான். கபன் வாங்க வருகிறவர்கள் பேரம் பேசமாட்டார்கள், போகும்போது "வர்றேன்" என்று சொல்லமாட்டார்கள். அத்தாவும் யாரையும் "வாங்க" என்று அழைப்பதில்லை. உலகத்திலேயே வாடிக்கையாளரை வா என்று கூப்பிடாத கடை எங்களுடையதாகத்தான் இருக்கும். என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த ஒருத்தி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்: "உங்கத்தா எதிர வந்தா எங்கம்மா முக்காட்ட இழுத்துகினு அந்தாண்ட பக்கம் பூடும்." நான் அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு அது செய்தியாக இருந்திருக்காது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரை. ஆண் மய்யத்து என்றால் துணியோடு அத்தாவின் வேலை முடிந்துவிடும். பெண் மய்யத்து என்றால் அம்மா போக வேண்டும். எந்தத் துண்டு அடியில், எது தலைக்கு, எது நெஞ்சுக்கு என்று துக்க வீட்டுப் பெண்களுக்கு அந்த நேரத்தில் தெரியாது. ஒருமுறை உதவிக்குப் போன அம்மாவை அதற்குப் பிறகு ஊர் விடவில்லை. போய்விட்டு வந்ததும் அம்மா குளிப்பாள். ஈரத் தலையோடு கொல்லைப் படியில் உட்கார்ந்துகொள்வாள். சாப்பிடக் கூப்பிட்டால், "நீங்க துன்னுங்க" என்பாள். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது என்று பின்னால் கணக்குப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"உசுரோட இருக்கறவங்களுக்கு ஏதாச்சும் விக்கலாங்க" என்று அவள் அத்தாவிடம் சொல்வாள். அதைச் சண்டையாகச் சொல்லமாட்டாள், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொல்வாள். அத்தாவும் "பாக்கலாம்" என்பார்.

பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பொங்கல் கழிந்த சமயம், வெளுப்பான பேண்ட் போட்ட ஒருவர் கடை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையில், சவுக்குத் தோப்புக்குள், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவதற்காகப் புதிதாக ஓட்டல் கட்டியிருந்தார்கள். அங்கே துணிமணிகளுக்கெல்லாம் அவர்தான் சூபர்வைசர். படுக்கை விரிப்பு தருவதாக ஒப்புக்கொண்ட மதராஸ் கடை காலை வாரிவிட்டதாம். எங்கள் கடையின் மூன்று சுவரும் வெள்ளை வெளேரென்று துணித் தான்களாக, வெட்டாத முழுக் கட்டுகளாக, இருப்பதைப் பார்த்து, விரிப்புக்கென்றே உள்ள கடை என்று அவர் நினைத்துக்கொண்டார். போர்டில் ஜவுளிக் கடை என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

"எல்லாம் லாங்கிளாத்துங்களா பாய்?"

"லாங்கிளாத்துதான் சார். மெல்லிசா வோணும்னா மல்லும் கீது."

"டபுள் பன்னாவில வருமா?"

"சொல்லியனுப்பினா மில்லுலேந்து வந்துரும்."

அவர் துணியைக் கசக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கவுண்ட்டு என்னங்க?"

"நல்ல கவுண்ட்டு சார்" என்றார் அத்தா.

நூலின் மெலிவைச் சொல்லும் எண் அது. எண் ஏற ஏற நூல் மெல்லியது. நல்ல கவுண்ட், கெட்ட கவுண்ட் என்று கிடையாது. அந்த மனிதர் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"சுருங்குங்களா?"

அத்தா அதை உண்மையாகவே யோசித்தார். மேலே பார்த்து, நெற்றியைத் தடவி, பொய் சொல்லிவிடக் கூடாது என்ற கவனத்தோடு பதில் சொன்னார். "இத்தினி வருசத்துல சுருங்கிப்போச்சுன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல சார்."

"அப்ப நல்ல துணிதான்."

திரைக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அது சிரிப்பா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அந்தத் துணியைத் தண்ணீரில் நனைத்தவர் எங்களுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் தெரு ஹாஜியார் ஹஜ்ஜுக்குக் கப்பலேறும்போது எங்கள் கடையில் தனக்கான கபனை வாங்கிக்கொண்டு போய், மக்காவில் ஜம்ஜம் கிணற்று நீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அது கட்டாயம் சுருங்கியிருக்கும். ஆனால் அதை விரித்துப் பார்க்கும் வேளை வரவில்லை. அவர் தினமும் நாஸ்தாவுக்கு ஆப்பம் சாப்பிட்டுவிட்டு எங்கள் கடை வழியாகவே திடமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

சூபர்வைசர் அளவுகளைச் சொல்லிவிட்டுப் போனதும் அத்தா திரையை விலக்கினார். "எதுக்கு விக்கற துணின்னு அவுரு கேக்கவேயில்ல."

"கேக்காததுக்கு எதுக்குப் பதிலு?" என்றாள் அம்மா.

"இல்ல, சொல்லியிருக்கணுமோ இன்னாவோ."

"துணி துணிதாங்க. நாமதான் அதுக்கு வேற பேரு வச்சிருக்கோம்."

டபுள் பன்னாவில் துணி வந்து இறங்கியதும் அம்மா தையல் மிஷினைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தலைமாட்டுப் பக்கம் அகலமான மடிப்பு, கால்மாட்டுப் பக்கம் ஒடுக்கமான மடிப்பு. பக்கவாட்டில் கரையே இருப்பதால் தைக்கத் தேவையில்லை. தலையணை உறைக்கு உள்பக்கம் மடிந்து தலையணையைப் பிடித்துக்கொள்ள ஒரு நாக்கு விட வேண்டும். இவையெல்லாம் சூபர்வைசர் சொல்லிவிட்டுப் போனவை. மறுமுனையைத் தரையில் படாமல் தாங்கிக்கொண்டிருப்பது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதுதான். பெடல் மிதித்து மிதித்து அம்மாவுக்குக் கால் வீங்கியது, கண் எரிந்தது. ஆனாலும் அந்த நாட்களில் அவள் நிறையப் பேசினாள். முதல் விரிப்பை முடித்து நூலைப் பல்லால் கடித்தபோது, "இதுல படுக்கறவங்க காலையில எந்திரிச்சு ஒதறி மடிச்சு வைப்பாங்க இல்ல?" என்றாள்.

"ஓட்டல்ல அவங்களே மடிக்கமாட்டாங்கம்மா, அதுக்கு ஆளுங்க இருக்கும்" என்று நான் திருத்தினேன்.

"சரி, எந்திரிப்பாங்க இல்ல? அது போதும்."

அந்த வாரமே அத்தாவைக் கொண்டு கபன் தான்களையெல்லாம் முன் தட்டிலிருந்து இறக்கி, உள்ளே பரண்மேல் ஏற்றச் செய்தாள். தைத்து மடித்த விரிப்புகள் முன் தட்டில் ஏறின. இந்த ஆர்டர் அவர்களுக்குப் பிடித்து இரண்டாவது ஆர்டர் வந்துவிட்டால், கபன் வியாபாரத்தைப் பள்ளிவாசலிலேயே ஒப்படைத்துவிடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். துணி அங்கே இருக்கட்டும், மய்யத்துக்குத் துண்டு சுற்றத் தெரிந்த பெண்களை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அம்மா இதை என்னிடமும் சொன்னாள், தெருவில் தெரிந்த இரண்டு வீட்டிலும் சொன்னாள்.

சரக்கு போய்ச் சேர்ந்தது. பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. எனக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். ஒருநாள் ஓட்டல் வண்டியின் டிரைவர் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமலே சொன்னான்: "பாய், சூபர்வைசர் உன்ன வரச் சொன்னாரு. பெட்சீட் விசயமா."

அது இரண்டாவது ஆர்டர் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அத்தா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். இங்கிலீஷில் எதையாவது நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் படித்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டார். "எம்மாம் கேட்டாலும் முடியும்னு சொல்லிட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து அம்மா சொன்னாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். அங்கே மலையில் கழுகுக்குச் சோறு வைப்பதைப் பார்த்து இறங்கிய கூட்டம் ஏறி, இன்றைக்கு ஒன்று வந்ததா இரண்டு வந்ததா என்று கடைசிவரை வாதாடிக்கொண்டே வந்தது. அத்தா அதைக் கேட்டு முறுவலித்தபடி இருந்தார். அவர் வெளியூர்ப் பயணத்தில் முறுவலித்து நான் பார்த்தது அன்றுதான். மாமல்லபுரத்தில் இறங்கி, உளிச் சத்தம் கேட்கிற தெருவைத் தாண்டி, மணல் ரோட்டில் நெடுந்தூரம் நடந்தோம்.

சூபர்வைசர், "வாங்க பாய்" என்றார். முகம் சரியாக இல்லை. எங்களை உட்காரச் சொல்லாமல் ஒரு அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். ஜன்னலுக்கு வெளியே கடல். நடுவில் ஒரு கட்டில், அதன்மேல் என் இடுப்புயரத்துக்கு மெத்தை. அம்மா தைத்த விரிப்பு ஒன்றை எடுத்து உதறி, தலைமாட்டில் மெத்தைக்கு அடியில் செருகினார். பிறகு காலடிப் பக்கம் வந்து நின்றார். விரிப்பு மெத்தையின் விளிம்பைத் தொடக்கூட இல்லை. ஒரு சாண் அகலத்துக்கு மெத்தை உறையின் நீலக் கோடுகள் வெளியே தெரிந்தன.

"புதுசுல கீழ செருகி மிச்சமும் இருந்துச்சுங்க. ஒரு சலவைக்கு இப்படி ஆயிப்போச்சு. எல்லாமே."

அத்தா குனிந்து கரையைத் தடவிப் பார்த்தார், தன் துணிதானா என்று. தன் துணிதான்.

பரிசோதனைக் கூடத்தில் இதை நான் இப்போது ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவேன். மில்லில் துணியை எல்லாக் கட்டத்திலும் நீளவாக்கில் இழுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். தறியில் இழுப்பு, வெளுப்பில் இழுப்பு, உருளைகளுக்கு நடுவே நசுக்கி மினுக்கும்போது இழுப்பு. இழுத்த நிலையிலேயே கஞ்சி அதைப் பிடித்து நிறுத்திவிடும். தண்ணீர் பட்டுக் கஞ்சி கரைந்ததும் பாவு நூல் தன் சொந்த நீளத்துக்குத் திரும்பும். ஓய்ந்த நிலை என்று அதற்குப் பெயர். சுருங்காத துணி என்று கடைகளில் விற்பது முன்கூட்டியே சுருக்கப்பட்ட துணி. அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரும் இதை விளக்கவில்லை.

"நடுவுல வேற துணி கலந்தீங்களா?" என்று சூபர்வைசர் கேட்டார்.

"இல்ல சார். எல்லாம் ஒரே மில்லு."

"அப்ப மட்டமான சரக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தீங்க."

அத்தாவின் காது சிவந்தது. கதவருகே வெளுத்த துணி மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஓட்டல் டோபி நடுவில் புகுந்தார். வயதானவர், அத்தாவைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். "கோச்சுக்காத பாய். வெட்டறதுக்கு மின்ன ஒரு தபா தண்ணில போட்டு எடுத்துருக்கலாம் இல்ல? எங்க வூட்ல ஜாக்கெட் துணியக்கூட நனைச்சுக் காயவச்சுதான் டைலராண்ட தரும்."

"எங்க துணிய நனைக்கிற பழக்கமில்ல" என்றார் அத்தா.

"இன்னா பழக்கம் அது? இத்தினி வருசமா விக்கறே. அளவு கொறைஞ்சுபோச்சுன்னு ஒருத்தன்கூட வந்து சண்டைக்கு நிக்கலியா?"

"நிக்கல."

"சுருங்காதுன்னு நீங்க அன்னிக்குச் சொன்னீங்க" என்றார் சூபர்வைசர்.

"சுருங்காதுன்னு சொல்லல சார். யாரும் வந்து சொன்னதில்லன்னு சொன்னேன்."

"அதெப்படிங்க யாரும் சொல்லாம இருப்பாங்க? ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேணும்."

அத்தா என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். பதில் சொல்லாமல் சரக்கைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கலாம். நனைத்து வெட்டிப் புதிதாகத் தருகிறேன் என்று கெஞ்சியிருந்தால் அந்த மனிதர் ஒருவேளை ஒத்துக்கொண்டும் இருப்பார். ஆனால் ஏமாற்றினாய் என்ற சொல் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தது.

"வாங்கினவங்க யாரும் துவைக்கல சார்" என்றார் அத்தா. "அது மய்யத்துக்குச் சுத்தற துணி."

சூபர்வைசருக்கு அது விளங்கவில்லை. டோபிக்கு விளங்கிவிட்டது. "செத்தவங்களுக்கு சார். பாய்மாருங்க பொணத்துக்குக் கட்டற வெள்ளத் துணி" என்று அவர் எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்து, மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அண்ணாத்த, கஸ்டமருன்னா உன் கஸ்டமருங்கதான். நமக்கும்தான் வந்து வாய்க்குதே, பட்டன் போச்சு பார்டர் போச்சுன்னு. உனக்கு ஒரு கம்ப்ளெய்ண்ட் கெடையாது."

அத்தாவின் மீசையும் லேசாக அசைந்தது. பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்து, காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. சூபர்வைசர் சிரிக்கவில்லை. விரிப்பின்மேல் ஊன்றியிருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"நனைச்சு வெட்டி அளவு சரியா வேற தர்றேன் சார்" என்றார் அத்தா.

"வேண்டாங்க பாய். இனிமேல் அளவு விஷயமில்லைங்க." அவர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். "நீங்க ஏமாத்தலை, ஒத்துக்கறேன். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க. இதை இங்கே நீங்க யார்கிட்டயும் சொல்லலை, நானும் கேக்கலை."

மூட்டைகளை டோபியே கட்டிக்கொடுத்து, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பஸ் நிற்குமிடம் வரை வந்தார். வழியெல்லாம் அத்தாவுக்குத் துணியை எப்படி நனைப்பது, எவ்வளவு நேரம் ஊறப்போடுவது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தா தலையாட்டிக்கொண்டே நடந்தார். கண்டக்டர், மூட்டையை மேலே போடச் சொல்லிவிட்டு, "இன்னா பாய், கண்ணால வூட்டுச் சாமானா?" என்றார்.

"ஓட்டலு துணி."

"பெரிய எடத்து யாவாரம்."

"ஆமா" என்றார் அத்தா.

வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது என்று அத்தா வழியெல்லாம் யோசித்திருக்க வேண்டும். அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. மூட்டைகள் திரும்பி வந்ததே போதுமானதாக இருந்தது. அம்மா ஒன்றை அவிழ்த்தாள். நீலம் போட்டுச் சலவை செய்த துணி, கடலோர வெயிலில் காய்ந்த வாசனையோடு வெள்ளையாக இருந்தது. தலைமாட்டு மடிப்பை விரலால் நீவினாள். குறுக்குவாக்கில் துணி அவ்வளவாகச் சுருங்கவில்லை, தைத்த நூல் சுருங்கிவிட்டது. மடிப்பு முழுக்கக் கொசுவிக்கொண்டு, வயதானவர்கள் வாயோரம்போல இருந்தது. அவள் நேராகப் போட்ட தையல் அது.

"எதுக்கு விக்கறதுன்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

அவள் விரிப்பைத் திரும்ப மடித்து மூட்டையில் வைத்தாள். "பரண்லேந்து அந்தத் தானுங்கள எறக்கணும் இல்ல?" என்றாள்.

"எறக்கலாம். அவசரமில்ல."

மறுநாள் காலையிலேயே அவசரம் வந்துவிட்டது. ஏரிக்கரைப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்து, படி ஏறாமல், தலைப்பாகைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தா அவரை எதுவும் கேட்காமல் ஏணியை எடுத்துப் பரணில் சாய்த்தார். "பொம்பளைக்கு" என்றார் அவர். பிரசவத்தில் போய்விட்டாள், அவர் மகள். திரைக்குப் பின்னால் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு, அத்தா கிழித்துக் கொடுத்த ஐந்து துண்டுகளையும் வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதை நான்தான் இறக்கி வைத்தேன்.

அம்மா திரும்பியபோது நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்திருந்தது. குளித்தாள். கொல்லைப் படியில் உட்காரவில்லை. மூட்டையிலிருந்து ஒரு விரிப்பை உருவி, கூடத்தில் பாயின் மேல் போட்டாள். ஓட்டல் கட்டிலுக்குப் போதாத விரிப்பு எங்கள் பாய்க்கு ஏராளமாக இருந்தது. அதன்மேல் நீட்டிப் படுத்தாள். எங்கள் அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. ஈ தொந்தரவு செய்ததால், பக்கத்தில் மிஞ்சிக் கிடந்த அதன் மீதியை இழுத்து, காலிலிருந்து முகம் வரைக்கும் மூடிக்கொண்டாள். உடனே தூங்கிவிட்டாள். நான் மரக் கஜக்கோலை வைத்துக்கொண்டு, இன்னொரு விரிப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சுவரோரம் அளந்துகொண்டிருந்தேன்.

அத்தா சாப்பிட உள்ளே வந்தார். திரையை ஒரு கையால் விலக்கியவர் அந்தக் கையை எடுக்காமலே நின்றார்.

"இந்தா" என்றார். "இந்தா புள்ள."

அம்மா அசையவில்லை. அத்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து அவள் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் வாய் இருக்கும் இடத்தில் துணி மெல்ல எழும்பி அடங்குவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்திலிருந்து விரிப்பை இரண்டு விரலால் விலக்கிக் கழுத்துக்குக் கீழே விட்டார். அம்மாவின் நெற்றியில் ஈரத் தலைமுடி ஒட்டியிருந்தது. அவர் எழுந்து கொல்லைக்குப் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் லுங்கியை உருவிக்கொண்டு வந்தார். பச்சையும் சிவப்புமாகப் பெரிய கட்டம் போட்டது. அதை விரித்து, மேலே கிடந்த வெள்ளையை மறைத்து, அம்மாவின் கழுத்திலிருந்து காலை நோக்கி இழுத்துப் போர்த்தினார். கால் பக்கம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. அங்கே தன் தோள் துண்டைப் போட்டு மூடினார்.

"எதுக்கு அத்தா?" என்று கேட்டேன்.

"சத்தம் போடாத. தூங்கட்டும்" என்றார். சோற்றுப் பக்கம் போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. சித்திரை வெயிலில் ஓடு கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி சூட்டை விலக்கும், நிறத் துணி சூட்டை இழுக்கும் என்று அந்த வருடம்தான் விஞ்ஞானப் பாடத்தில் படித்திருந்தேன். வெள்ளையாக, மெல்லியதாக, நன்றாக ஒன்றைப் போர்த்தித் தூங்குகிறவள்மேல் கெட்டியான கலர் லுங்கியைப் போட்டு மூடுகிறாரே, அத்தாவுக்கு உண்மையிலேயே துணியைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் விட்ட இடத்திலிருந்து அளக்கத் தொடங்கினேன்.